எம்பதுல ஆடற வண்டி

ஏறுங்க தம்பி, ஏறுங்க. முன்னாலயே ஒக்காருங்க, பின்னால பூவும் பழமும் தலகாணியுமாக் கெடக்குது. எங்க போகோணும்? சின்னதாராபுரமா? நான் கரூர் போறேனுங்க, போற வழிதான். காசெல்லாம் ஒண்ணும் வேண்டாம், இது வாடகை வண்டியில்ல. நீங்க எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணோணும். வண்டி எம்பதைத் தொடறப்ப நான் சொல்றேன். அப்ப ஆடுதா இல்லையான்னு சொல்லிப்போடோணும். வயசான ஆளாச்சேன்னு எனக்காகப் பொய் சொல்லிறாதீங்க. மூலனூர் தாண்டறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகோணும். கரூருல என்ற புள்ள இருக்கறா, அவளைக் கூட்டிட்டு வரத்தான் போறேன்.

பெல்ட்டை வெடுக்குனு இழுத்தா வராதுங்க. சித்த மெதுவா இழுங்க. ஆங், அப்பிடித்தான்.

என் பேரு மயில்சாமி. பஞ்சு ஏத்தற லாரி ரெண்டு வெச்சிருந்தேன், நானே ஓட்டுவேன். இத்தனை வருசத்துல ஒரு கோழி மேல ஏத்துனதில்லீங்க. குண்டடத்துக்கிட்ட ஒரு நாயி, அது அதா வந்து உள்ள விழுந்துச்சு, அதைக் கணக்குல சேக்க முடியாது. பல்லடத்துல ஒரு காம்பவுண்டு சுவத்துல முட்டுனது பிரேக்குக் கோளாறு. மெக்கானிக்கு பிரேக்கு நல்லாத்தான் இருக்குதுன்னான், அவனுக்கு என்ன தெரியும். வண்டியைப் பத்தி என்கிட்ட ஒருத்தன் பேச முடியாதுங்க. அப்பிடிப்பட்ட என்னையவே இந்த வண்டி ஒரு வருசமாப் பேயாட்டிப் போட்டுருச்சு.

இது நல்ல வண்டி தம்பி. வாங்குனப்ப ஆடல. நாந்தான் ஸ்பேசரு போட்டேன். ஸ்பேசருன்னா என்னன்னு கேக்கறீங்களா? சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவால வெக்கற வட்டமான அலுமினியக் கட்டைங்க. பெருவெரல் கனம் இருக்கும். அதை வெச்சு முடுக்குனா சக்கரம் வெளிய தள்ளி நிக்கும், வண்டி காலை அகட்டி வெச்சு நிக்கறாப்ல இருக்கும். ரோட்டைக் கவ்விப் புடிக்கும், வளைவுல வேகத்தைக் கொறைக்க வேண்டியதில்லைன்னு கடைக்காரன் சொன்னான். நல்லதுதானுங்களே. வளைவுக்கு வளைவு கொறைச்சு ஏத்தி, கொறைச்சு ஏத்தி, டீசலு வீணாப் போகுது.

என்ற ஊட்டுக்காரி பேரு துளசிமணி. அவளுக்குக் கடைகண்ணிக்கு என்கூட வாரதுன்னாலே ஆகாது. அன்னைக்கு மட்டும், நானும் வரேன்னு கெளம்பி வந்து கடைக்குள்ள ஒரு டயர் மேல ஒக்காந்துக்கிட்டா. மத்தியானம் வரைக்கும் அசையல. எனக்கே ஆச்சரியம். சரி, மாட்டி முடிக்கட்டும்னு நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

மாட்டிட்டு வெளிய வந்தா, எம்பதுல ஆடுது.

எழுவத்தஞ்சு வரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. தண்ணியில போறாப்லதான் இருக்கும். முள்ளு எம்பதுக்கு வந்துச்சுன்னா ஸ்டியரிங்கு குளுருக்காச்சல் வந்தவனாட்ட நடுங்கும். உள்ளங்கையில ஆரம்பிச்சு முழங்கை, தோளு, பல்லு வரைக்கும் வரும். நூறு தாண்டுனா அடங்கிரும். அதனால நான் எம்பதுல நிக்கறதேயில்லை, ஒரு மிதி மிதிச்சுத் தாண்டிருவேன். முன்னால எழுவது எம்பதுன்னு போயிட்டிருந்தவன், இந்த ஆட்டம் வந்த பொறவு நூத்திப்பத்து இல்லாமப் போறதில்லீங்க. வேற என்ன பண்றது?

அந்த மேல் கைப்பிடியை எதுக்குங்க அப்பிடி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க? விடுங்க. அது துணி மாட்டறதுக்கு வெச்சிருக்கறது. துளசியும் அப்பிடித்தான், ஏறுனதும் அதைப் புடிச்சான்னா எறங்கறப்பத்தான் விடுவா. அது பாருங்க, ஒரு பக்கம் லொடலொடன்னு ஆகிப்போச்சு.

நான் ஏறாத கடையில்லீங்க. மொதல்ல பாலன்சிங்குன்னாங்க. சக்கரத்தைக் கழட்டி மிசின்ல மாட்டிச் சுத்தி, ரிம்முல ஈயத்துண்டு ஒட்டுனாங்க. மிசின்ல ஒழுங்காச் சுத்துது, வண்டில மாட்டுனா ஆடுது. அப்பறம் அலைன்மெண்டு. அப்பறம் முன் டயரைப் பின்னால மாத்து, பின் டயரை முன்னால மாத்து. அப்பறம் டயரையே மாத்து. ஒருத்தன் இஞ்சினுக்கு அடியில இருக்கற ரப்பருன்னான், ஒருத்தன் ஆக்சிலுன்னான். ஒருத்தன், அண்ணா கொஞ்சம் மெதுவாப் போனா ஆடாதுங்கண்ணான்னான். இதைச் சொல்றதுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு போர்டு.

ஒவ்வொரு தடவை சரி பண்ணிட்டு வந்தும் துளசியை ஒக்கார வெச்சுத்தான் ஓட்டிப் பாப்பேன். ஆடுதா துளசின்னு கேப்பேன். ஆமாங்க, ஆடுது, மெதுவாப் போங்கன்னுவா. எப்பக் கேட்டாலும் அதேதான். ஒருக்கா வேணும்னே நாப்பதுல போயிக்கிட்டு கேட்டேன், ஆடுதான்னு. கண்ணை மூடிக்கிட்டு, ஆடுதுங்கன்னா. பொம்பளைங்களுக்கு வண்டியைப் பத்தி என்னங்க தெரியும்.

அவ ஓட்டுவாங்க, அதுதான் வேடிக்கை. ஓட்டத் தெரியாது, ஆனா நான் ஓட்டறப்பவெல்லாம் அந்தப் பக்கம் ஒக்காந்துக்கிட்டுக் கால்ல பிரேக்கு அழுத்துவா. அங்க என்ன பிரேக்கா இருக்குது? உங்க காலடியில பாருங்க, ரப்பர் மேட்டு. அந்தா, வலதுகால் படற எடத்துல ஓட்டை விழுந்து தகரம் தெரியுதுங்களா? அவ அழுத்தித் தேஞ்சதுங்க அது. என் பக்கத்து மேட்டு இன்னும் புதுசாட்ட இருக்குது. மாத்திரலாம்னு மேகலா சொன்னா. மேகலாதான் என்ற புள்ள. எனக்கு மாத்த மனசு வரல.

எந்த லாரிக்காரனாச்சும் ஒதுங்கறானா பாருங்க. ஹாரன் அடிச்சுட்டே இருக்கறேன். இருங்க. இதா, போயாச்சு. எடம் இருந்துச்சுங்க தம்பி, எனக்குத் தெரியாதா எவ்வளவு எடம் இருந்துச்சுன்னு.

அவ எப்பிடிச் செத்தான்னு கேளுங்க. கேக்க மாட்டீங்க, நீங்க மரியாதைப்பட்டவரு. நானே சொல்றேன்.

தை மாசம், காலையில. நான் வாசல்ல பைப்பைப் புடிச்சு இதே வண்டியைக் கழுவிக்கிட்டு இருக்கறேன். அவ சேலை மாத்தி, ஒரு வயர்க்கூடையை எடுத்துக்கிட்டு வெளிய வந்தா. எங்கடீன்னேன். தாராபுரம் வரைக்கும் போயிட்டு வரேன்னா. இருடி, துடைச்சுட்டுக் கொண்டுபோயி விடறேன்னேன். வேண்டாங்க, பஸ்ஸு வர்ற நேரந்தான்னு சொல்லிட்டு நடந்து போயிட்டா. முகம் வேத்திருந்துச்சு. வெயிலுன்னு நெனச்சேன். தை மாசத்துக் காலையில என்ன வெயிலுங்க?

பக்கத்து ஊட்டு அம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்கறா, நெஞ்சுல பாரமா இருக்குது, கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு. என்கிட்டச் சொல்லல. சன்னலோரமா ஒக்காந்துருக்கறா. தூங்கறாங்கன்னு கண்டக்டரு நெனச்சானாமா. பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் எறங்குன பொறவுதான் தோளைத் தொட்டு எழுப்பியிருக்கறான்.

வாசல்ல வண்டி நிக்குதுங்க தம்பி. கழுவி, பளபளன்னு. நான் எடுத்திருந்தா பத்து நிமிசத்துல கொண்டுபோயிச் சேத்திருப்பேன். பஸ்ஸு ஊரு ஊரா நின்னு போகும். அதுல போயி ஏறியிருக்கறா. எனக்கு அவ மேல அன்னைக்கு வந்த கோவம் இன்னும் ஆறலைங்க. சாம்பலைக் கரைக்கறப்பக்கூடத் திட்டிக்கிட்டேதான் கரைச்சேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தா ஒண்ணுதான் தோணுச்சு. இந்த வண்டி ஆட்டம். நெஞ்சு வலியோட ஆடற வண்டில ஏற முடியாதுன்னு பயந்துட்டா. அப்ப அவளைக் கொன்னது யாரு? அந்த ஆட்டம். அதைச் சரி பண்ணத் தெரியாத அத்தனை கடைக்காரனும்.

அதுக்குப் பொறவு எனக்கு வெறி புடிச்சாப்ல ஆகிப்போச்சு. சோறு தண்ணியில்லாம கடை கடையாப் போனேன். கடைசியா ஒட்டன்சத்திரம் ரோட்டுல சகாயம்னு ஒருத்தரு. பேச்சே இல்லாத ஆளு. ஆட்டம் கைக்கு வருதா சீட்டுக்கு வருதான்னு மட்டும் கேட்டாரு. கைக்குன்னேன். அப்ப முன்சக்கரம்னாரு. ஜாக்கி வெச்சுத் தூக்கி, ஒரு சாக்பீஸை அசையாம ரிம்முக்கிட்டப் புடிச்சுக்கிட்டு சக்கரத்தைக் கையால சுத்துனாரு. நல்லாச் சுத்துற சக்கரமா இருந்தா சுத்தி முழுக்கக் கோடு விழோணும், இல்ல விழாம இருக்கோணும். இடதுபக்கச் சக்கரத்துல ஒரு எடத்துல மட்டும் வெள்ளையா இழுத்துச்சு, மத்த எடத்துல படவேயில்லை. அண்ணா, சக்கரம் நல்லாத்தான் இருக்குது, ஒக்காந்துருக்கற எடந்தான் கோணல்னாரு. அதனாலதான் மிசின்ல மாட்டறப்பத் தெரியல.

கழட்டுனாரு. ஸ்பேசருல நடு ஓட்டை பெருசு, அச்சு மூக்கு சிறுசு. நடுவுல நிக்காம தொளதொளன்னு எங்கயோ ஒக்காந்துருக்குது. அது ஒரு கோளாறு. அதைவிட இன்னொண்ணு இருந்துச்சுங்க. ஸ்பேசரு படியற எடத்துல, உள்ள, என்னமோ ஒட்டியிருக்குதுன்னு சகாயம் ஸ்க்ரூ டிரைவரால நெம்பி எடுத்தாரு.

செம்புத் தகடு. மடிச்சு மடிச்சு வெச்சது, நசுங்கி அப்பளமாட்ட ஆகியிருந்துச்சு. பிரிச்சா கட்டம் கட்டமாக் கோடு. கோயில்ல மந்திரிச்சுக் குடுப்பாங்களே, அது. அந்த மெல்லிசுத் தகடு ஒரு பக்கமா இருக்கறதுனாலதான் சக்கரம் சாஞ்சு சுத்தியிருக்குது. யாருங்கண்ணா இதைப் போயி இங்க வெச்சதுன்னு சகாயம் கேட்டாரு. எவனோ செய்வினை வெச்சுட்டான்னு நெனச்சேன்.

நேரா, ஸ்பேசரு மாட்டுன கடைக்குப் போயி, மாட்டுன நாச்சிமுத்து சட்டையைப் புடிச்சேன். அவன் மறைக்கவேயில்லைங்க. அம்மாதான் குடுத்தாங்கண்ணான்னான். நீங்க டீ குடிக்கப் போனப்ப முந்தானையில இருந்து அவுத்துக் குடுத்தாங்க, கண்ணுல தண்ணியா ஊத்துது, இதை அவரு கால்ல கட்டத்தான் பூசாரி குடுத்தாரு, கால்ல கட்டுனா அவுத்து வீசிருவாரு, நீ சக்கரத்துக்குள்ள வெச்சிரு சாமின்னாங்க, மெல்லிசுத் தகடுதானே, என்ன பண்ணிரப் போகுதுன்னு வெச்சுட்டேன்னான்.

கால்ல எதுக்குங்க? எனக்குக் கால்ல ஒரு நோவும் கெடையாது. இன்னைக்கும் மலைக்கோயில் படி ஏறுவேன். நானும் ஆறு மாசமா யோசிச்சுப் பாக்கறேன், என் காலுக்கு என்ன கேடுன்னு பூசாரிகிட்டப் போயி நின்னாளோ, ஒண்ணும் வெளங்கல.

தகடு இதா, உங்க முன்னால இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்குது. தெறந்து பாக்கறீங்களா? வேண்டாமா, சரி. தூக்கிப்போடவும் முடியல, பூசை ரூமுல வெக்கவும் முடியல.

ஸ்பேசரு நாலையும் கழட்டிட்டேனுங்க. டிக்கில கெடக்குது. சகாயம் சாக்பீஸ் வெச்சு மறுபடி சுத்திக் காமிச்சாரு, சுத்தமா இருக்குது. பக்கத்துல ஒக்காந்து ஓட்டியும் பாத்தாரு. ஆடலைங்கண்ணான்னாரு. ஆனா எனக்கு ஆடுது. எம்பது வந்தா உள்ளங்கையில வந்து நிக்குது. ஆமாங்க, ஆடுது, மெதுவாப் போங்கன்னு காதுக்குள்ள கேக்குது. நான் திரும்பிப் பாப்பேன். அந்த சீட்டுல பெல்ட்டு மட்டும் தொங்கும்.

அதனாலதான் வழியில நிக்கறவங்களை ஏத்திக்கறேன். மத்தவங்க சொன்னாத்தானே தெரியும். இதுவரைக்கும் ஏறுனவங்க எல்லாரும் ஆடலைன்னுதான் சொல்றாங்க. ஆனா ஒருத்தரும் அவங்க ஊரு வரைக்கும் வாரதில்லீங்க. நேத்து ஒரு வாத்தியாரு, ஆடவேயில்லை சார்னு சொன்னாரு, சொன்ன கையோட பாதி வழியிலயே எறங்கிட்டாரு. என்ன சோலியோ.

மேகலாவுக்கு இது ஒம்பதாம் மாசம். தலைச்சன் புள்ள, பொறந்த ஊட்டுலதானுங்களே பெத்துக்கோணும்? அம்மா இல்லைன்னா அப்பன் இல்லையா? அத்தையை வரச்சொல்லியிருக்கறேன், தொட்டிலு கட்டியாச்சு, வெந்நிக்கு அடுப்புப் போட்டாச்சு. வரேங்கப்பான்னு சொல்லிட்டா. ஆனா, நீங்க வர வேண்டாம், நான் பஸ்ஸுல வந்தர்றேங்கறா. வவுத்தைத் தூக்கிட்டுப் பஸ்ஸுலயா? ஏன் கண்ணு, அப்பன் வண்டி இருக்குதேன்னேன். அந்த வண்டில நான் ஏற மாட்டேங்கப்பா, இப்ப நான் ஒருத்தி மட்டுமில்லைன்னு சொல்லிட்டா. வண்டிலன்னுதானே சொன்னா? வண்டியைத்தானுங்க சொன்னா. அப்ப வண்டி சரியாயிருச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சா ஏறிக்குவா இல்ல? இன்னைக்கு நான் வரேன்னு அவளுக்குச் சொல்லல. ஊட்டு முன்னால போயி நின்னுக்கிட்டு, கண்ணு, ஆடல, ஒரு தம்பி ஒக்காந்து பாத்து சொன்னாருன்னு சொல்லோணும். அவளும் பஸ்ஸுல போயி, சன்னலோரமா ஒக்காந்து, அவங்கம்மாவாட்ட… வேண்டாம், வாயால சொல்லப்படாது. எனக்கு அவளை விட்டா யாருமில்லீங்க தம்பி.

இதா, ரோடு காலியா இருக்குது. இப்பப் பாருங்க. எழுவது. எழுவத்தஞ்சு. பேசாம இருங்க. எம்பது. சொல்லுங்க, ஆடுதா?

ஆடலியா? நெசமா? எனக்கு ஆடுதே. இருங்க, கொஞ்சம் தாண்டிப் பாக்கலாம். தொண்ணூறு. நூறு. இப்ப? முன்னால கரூர் பஸ்ஸு போறான் பாருங்க, அவனைத் தாண்டிட்டுச் சொல்லுங்க. வர்றது லாரிதான், தூரத்துல வரான். எடம் இருக்குது. இருக்குதுங்கறேன். கத்தாதீங்க தம்பி.

பாத்தீங்களா? போயாச்சு. ஒண்ணும் ஆகல.

என்னங்க? எங்க எறங்கறீங்க? இங்கயா? இங்க என்ன இருக்குது, கரண்டுக் காத்தாடியும் சீமைக் கருவேலமும்தான் நிக்குது. உங்க ஊருக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்குது. கோவமா? ஆடுதா இல்லையான்னு மட்டும் சொல்லிட்டு எறங்குங்க. ஏன் மொகமெல்லாம் இப்பிடி வேத்துக் கெடக்குது, ஏசி போட்டுத்தானே…

காலை எடுங்க தம்பி. அங்க பிரேக்கு இல்லை.

அந்த ஓட்டைலதான் வெச்சிருக்கீங்க. அவ வெச்ச அதே எடத்துல. அவளை உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சரி. சரிங்க. இதா ஓரங்கட்டிட்டேன். கதவைத் தெறந்துக்குங்க.

ஒரு நிமிசம் நில்லுங்க தம்பி. வண்டி நின்னுருச்சுங்களா? நின்னுருச்சு. சாவியை எடுத்துட்டேன், இதா கையில இருக்குது. இப்ப ஸ்டியரிங்கைப் பாருங்க. ஆடுதுங்க. ஆடுதா இல்லையா? கையா? ஆமா, என் கைதான். காலும்தான், பாருங்க, செருப்புத் தரையில தட்டுது. காலுக்குத்தானுங்க தகடு கேட்டிருக்கறா. மிதிக்கற இந்தக் காலுக்கு.

இந்த வண்டி இன்னும் சரியாகலைங்க தம்பி. இதுல புள்ளத்தாச்சியை ஏத்திட்டு வர முடியாது.

அந்தப் பூக்கூடையைச் சித்த எடுத்துக் குடுங்க. பழமும். தலகாணி ஒண்ணு போதும், பஸ்ஸு சீட்டு கெட்டியா இருக்கும், அவளுக்கு இடுப்புக்கு வெக்கோணும். தாண்டுனமே, அந்தக் கரூர் பஸ்ஸு பின்னாலதான வரோணும்? இங்க கையைக் காட்டுனா நிறுத்துவானுங்களா? எனக்குப் பழக்கமில்லை, நீங்களே காட்டுங்க.

அதா வரான். சன்னலோரம் எடம் இருந்தா நீங்க ஒக்காந்துக்குங்க தம்பி. என்னால அங்க ஒக்கார முடியாது.